போன மழைக்குப் பார்த்த பக்கம் இந்த மழைக்குக் கிடைக்குமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். ஹட்டனில் இருந்துகொண்டு இறுதியாண்டுத் திட்டமாக உலாவிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது உலாவியோடு சேர்த்து நிறுவும் சிறிய நிரல் ஒன்று, எழுதுகிறீர்கள். ஒருவர் இப்போது திறந்திருக்கும் பக்கத்தோடு சம்பந்தப்பட்ட, அவரே முன்பு பார்த்த பக்கங்களை அது ஓரத்தில் காட்ட வேண்டும். "இது உதவுகிறது என்று எப்படிக் காட்டுவாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். சோதனைக்குப் பத்துப் பேருக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். வடிவமைப்பது எப்படி, சோதிப்பது எப்படி என்பது கேள்வி.

நான் பண்டாரவளைப் பக்கம் சில ஆசிரியர்களுக்காக இப்படி ஒன்றைச் செய்தவன். முதல் தடவை சோதனையைப் பிழையாகச் செய்து, நல்ல முடிவு வந்ததாக நம்பி, பிறகுதான் உண்மை தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மனிதர்கள் இணையத்தில் பெரும்பாலும் போன இடத்துக்கே போகிறார்கள். 1997இல் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் டாஷரும் கிரீன்பெர்க்கும் 23 பேரின் பயன்பாட்டை ஆறு வாரம் பதிந்து பார்த்தபோது, பக்க வருகைகளில் 58 சதவீதம் மறுவருகை என்று வந்தது. 2001இல் நியூசிலாந்தில் காக்பர்னும் மெக்கன்சியும் எண்ணியபோது 81 சதவீதம். 2007இல் ஓபென்டார்ஃப் குழுவினர் எண்ணியபோது ஏறத்தாழ 46 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் வருவதற்கு ஆட்களும் காலமும் மட்டும் காரணமில்லை. எதை "ஒரே பக்கம்" என்று எண்ணுகிறோம், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைச் சேர்க்கிறோமா விடுகிறோமா, ரீலோட் ஆனதைக் கணக்கில் எடுக்கிறோமா என்பதெல்லாம் எண்ணைப் புரட்டிப் போட்டுவிடும். உங்கள் அறிக்கையில் இந்த விதிகளை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த 1997 ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அடுத்து திறக்கப்போகும் பக்கம், கடைசியாகப் பார்த்த ஆறு பக்கங்களில் ஒன்றாக இருக்க 39 சதவீத வாய்ப்பு. அப்படியென்றால் எந்த மூளையும் இல்லாத ஒரு "கடைசி ஆறு" பட்டியலே பாதி தூரம் போய்விடுகிறது. இந்த வேலையை பேக் பட்டனும், திறந்து கிடக்கும் டேப்களும், முகவரிப் பட்டையும் ஏற்கெனவே செய்கின்றன. 2008இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து அடித்ததுமே பழைய பக்கத்தை எடுத்துக் கொடுத்தது. எத்தனை தடவை, எவ்வளவு அண்மையில் என்ற இரண்டையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள்: 4 நாளுக்குள் வந்த வருகைக்கு 100, 14 நாளுக்குள் 70, 31 நாளுக்குள் 50, 90 நாளுக்குள் 30, அதற்கு மேல் 10. எளிய கணக்கு, ஆனால் தோற்கடிப்பது சுலபமில்லை.

அப்படியானால் உங்கள் கருவிக்கு என்ன வேலை மிச்சம்? நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பும் பக்கங்கள்தான். 2008இல் அடார், டீவன், டுமே ஆகியோர் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து மறுவருகைகளை வேகமானவை, நடுத்தரமானவை, மெதுவானவை, கலப்பானவை என்று பிரித்தார்கள். இந்த மெதுவானவைதான் உங்கள் நிலம்.

நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன். மழையும் மூட்டமும் பிடித்துக்கொண்டால் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஒருவர் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையைத் தேடி எடுத்து, மருந்தடிக்கும் அளவைப் பார்த்து, அது தொடர்பான இன்னும் இரண்டு மூன்று பக்கங்களையும் வாசிக்கிறார். மழை விட்டதும் மறந்துவிடுகிறார். அடுத்த மழைக்கு அதே பக்கங்கள் வேண்டும். தலைப்பு நினைவில்லை, எந்தத் தளம் என்றும் நினைவில்லை. குரோம் காட்டும் ஹிஸ்டரியோ 90 நாளோடு நின்றுவிடும். ஆசிரியர்களுக்கும் இதே கதைதான்: போன வருடம் அதே தவணையில் பார்த்த வழிகாட்டி நூல், வினாத்தாள், ஒரு விளக்கப்படம். அவர்களுடைய வேலை வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. உலாவியின் ஞாபகமோ மூன்று மாதம்.

ஆகவே முதல் வடிவமைப்பு முடிவு: உலாவியின் ஹிஸ்டரியை மட்டும் நம்பாமல், உங்கள் எக்ஸ்டென்ஷன் தனக்கென்று ஒரு சிறிய அட்டவணையை அந்தக் கம்பியூட்டருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். முகவரி, தலைப்பு, நேரம், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, உண்மையில் எவ்வளவு நேரம் முன்னால் திறந்திருந்தது. கடைசியாகச் சொன்னது ஹிஸ்டரி ஏபிஐயில், அதாவது எக்ஸ்டென்ஷன் ஹிஸ்டரியைக் கேட்டு வாங்க உலாவி தரும் வாசலில், கிடைக்காது, நீங்களே பதிய வேண்டும். இன்னொரு பொறி: அந்த ஏபிஐயில் தேடும்போது தொடக்க நேரத்தைக் கொடுக்காவிட்டால் கடந்த 24 மணிநேரத்தை மட்டுமே தரும், அதிலும் 100 முடிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். இது தெரியாமல் "என் கருவி பழைய பக்கத்தைக் கொண்டுவரவே இல்லை" என்று நான் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அடுத்தது, "சம்பந்தப்பட்ட" என்றால் என்ன? பக்கத்தில் உள்ள சொற்களை ஒப்பிடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதைவிட, ஒரே அமர்வில், அதாவது ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்த்த நேரத்துக்குள், சேர்த்துப் பார்க்கப்பட்டவை சம்பந்தப்பட்டவை என்று எடுத்துக்கொள்வது நன்றாக வேலை செய்தது. 2011இல் கவாசே, பபடாகிஸ், ஹெர்டர் ஆகியோர் ஜெர்மனியில் செய்த பிவட்பார் என்ற கருவிப்பட்டையும், இப்போது பார்க்கும் பக்கத்தைச் சூழலாக வைத்துப் பழைய பக்கங்களைப் பரிந்துரைக்கும் வகையைச் சேர்ந்ததுதான். அமர்வு எங்கே முடிகிறது என்பதற்கு, ஏதும் செய்யாமல் 25.5 நிமிடம் போனால் முடிந்தது என்று 1995இல் கேட்லெட்ஜும் பிட்கோவும் வைத்த அளவு இருக்கிறது. பலரும் அதை 30 ஆக்கிவிட்டார்கள். நீங்களும் 30 வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் பக்கம் சிக்னல் போனாலும் கரண்ட் போனாலும் அமர்வு அரைகுறையாக அறுந்துபோகும். ஒரே தேடலை மாலையில் விட்டு இரவில் தொடர்ந்தால் அதை ஒட்டவைக்கும் ஒரு விதியும் வேண்டும்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு மாணவன் மலையக வரலாறு படிக்கிறான் என்று வையுங்கள். அவனுடைய 200 அமர்வுகளில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய பக்கம் 5 அமர்வில் வருகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பற்றிய பக்கம் 4 அமர்வில் வருகிறது, அதில் 3 தடவை ஒப்பந்தப் பக்கத்தோடு சேர்ந்து. ஃபேஸ்புக் 180 அமர்வில் வருகிறது, ஒப்பந்தம் வந்த ஐந்திலும் இருக்கிறது. வெறும் எண்ணிக்கை பார்த்தால் ஃபேஸ்புக் 5, சட்டம் 3. ஃபேஸ்புக்தான் "மிகவும் சம்பந்தப்பட்டது" என்று ஆகிவிடும். அதனால் அந்தந்தப் பக்கம் மொத்தம் எத்தனை அமர்வில் வந்தது என்பதால் வகுக்க வேண்டும்: சட்டம் 3/4, ஃபேஸ்புக் 5/180. சரி, இப்போது இன்னொரு தொல்லை வரும். தற்செயலாக ஒரே ஒருமுறை ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த ஏதோ ஒரு பக்கம் 1/1 எடுத்து முதலிடத்துக்கு ஏறும். கீழே இருக்கும் எண்ணோடு ஒரு 2ஐக் கூட்டிவிடுங்கள். சட்டம் 3/6, தற்செயல் பக்கம் 1/3, ஃபேஸ்புக் 5/182. வரிசை சரியாகிவிட்டது. பெரிய இயந்திரக் கற்றல் மாதிரி எதையும் பயிற்றுவிக்க முன்னர் இந்த மூன்று வரிக் கணக்கை ஓட்டிப் பாருங்கள்.

சொல் ஒப்பீட்டையும் கொஞ்சம் சேர்க்க விரும்பினால், தமிழுக்கென்று சில வேலை இருக்கிறது. ஒப்பந்தம், ஒப்பந்தத்தின், ஒப்பந்தத்தால் மூன்றும் கம்பியூட்டருக்கு மூன்று சொல். வேர்ச்சொல் பிரிப்பானைத் தேடி அலையாமல், சொற்களை நாலைந்து எழுத்துத் துண்டுகளாக்கி ஒப்பிட்டாலே போதுமான பலன் வரும். அடுத்தது யூனிகோட். "கொ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் "ஸ்ரீ" தீராது. அதை ஸகரத்தை வைத்தும் எழுதுகிறார்கள், பிறகு சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்தும் எழுதுகிறார்கள், இரண்டும் யூனிகோட் பார்வையில் வேறு வேறு. "ஸ்ரீலங்கா" என்ற சொல் எத்தனை தலைப்புகளில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்! அதை நீங்களே கையால் ஒன்றாக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அமைந்த பக்கங்களும் இன்னும் இருக்கின்றன, அவற்றின் எழுத்து உள்ளே வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும்.

முகவரிகளையும் துப்புரவாக்க வேண்டும். ஃபேஸ்புக் வழியாக வந்தால் வாலில் ஒட்டும் நீண்ட குறியீடு, கைபேசிக்கென்று தனியாக உள்ள முகவரி, ஒரே அரச தளத்தின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் எல்லாம் இதில் அடங்கும். மொழிப் பதிப்புகளை ஒன்றாக்குவதா வேண்டாமா என்பதில் என் முடிவு: கணக்குக்கு ஒன்றாக்குங்கள், காட்டும்போது அவர் கடைசியாக வாசித்த மொழியைக் காட்டுங்கள்.

காட்டும் விதம் பற்றி. பக்கத்துக்கு மேலே குதித்து வரும் எதுவும் வேண்டாம். குரோம் 114 முதல், அதாவது 2023 முதல், பக்கவாட்டுப் பலகை எக்ஸ்டென்ஷன்களுக்குத் திறந்திருக்கிறது, அதில் ஐந்து வரி போதும். முகவரியைக் காட்டாதீர்கள். தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறிக்கும் ஒன்பது எழுத்து வீதம் சதவீதக் குறியாக நீண்டு யாருக்கும் விளங்காமல் போகும். தலைப்பைக் காட்டுங்கள், ஆனால் தளத்தின் பெயர் எல்லாத் தலைப்புக்கும் முன்னால் வந்து இடத்தை அடைத்தால் அதை வெட்டிவிடுங்கள். கீழே சிறிய எழுத்தில் காரணம்: "போன வைகாசியில் இதோடு சேர்த்துப் பார்த்தது." என்னிடம் சோதித்த ஓர் ஆசிரியை, தலைப்பைப் பார்த்து அல்ல, அந்த மாதத்தைப் பார்த்துத்தான் "ஆமா, இதுதான்" என்று கண்டுபிடித்தார். திறந்திருக்கும் டேப்களையும், கடந்த ஒரு மணிநேரத்தில் பார்த்தவற்றையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள், அவற்றுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது.

இனி, நம் சூழலில் மிக முக்கியமானது. இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஒரு கருவிக்கு ஓர் ஆள் என்று எடுத்துக்கொள்கின்றன. தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டில் அப்படியா இருக்கிறது? ஒரே லேப்டாப்பில் அக்கா ஓஎல் பாடம் படிப்பாள், அப்பா தேயிலை விலை பார்ப்பார், சித்தி வெளிநாட்டு வேலை தேடுவார். டவுனில் கம்யூனிகேஷன் கடைக் கம்பியூட்டர் என்றால் ஊரே உட்காரும். "நீங்கள் முன்பு பார்த்த சம்பந்தப்பட்ட பக்கம்" என்று உங்கள் கருவி நல்ல மனதோடு காட்டுவது, ஒரு பெண் பிள்ளை இரகசியமாகப் பார்த்த மருத்துவப் பக்கமாக இருந்தால் என்ன ஆகும்? பேக் பட்டன் யாரையும் காட்டிக்கொடுக்காது. உங்கள் கருவி காட்டிக்கொடுக்கும். எனக்கு இது நடந்தது. ஒரு வீட்டில் மகன் கடன் தேடிய பக்கம் தாயின் பாடக்குறிப்புப் பக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை, ஆனால் கருவியை எடுத்துவிடச் சொன்னார்.

அதனால் மூன்று விதி. உலாவியில் ஆளுக்கு ஆள் தனியாக வைத்துக்கொள்ளும் ஒரு புரொஃபைலுக்குள் பதிந்தது அந்தப் புரொஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும், நிறுவும்போதே "இந்தக் கம்பியூட்டரை வேறு யாரும் பாவிக்கிறார்களா?" என்று கேட்டு, ஆம் என்றால் அவர் சேர்க்கும் தளங்களை மட்டும் பதியுங்கள். ஹிஸ்டரியில் பதியாத மறை சாளரத்தில் (இன்காக்னிட்டோ) எதையும் பதியாதீர்கள். ஹிஸ்டரியில் ஒருவர் ஒரு பக்கத்தை அழித்தால் உலாவி அதை எக்ஸ்டென்ஷனுக்கு அறிவிக்கும், அந்த அறிவிப்பைக் கேட்டு உங்கள் அட்டவணையிலும் உடனே அழியுங்கள். தனி அட்டவணை வைத்திருப்பதால் வரும் கடமை இது. சோதனைக்காகப் பதிவுகளைச் சேகரிப்பதென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டு படிவத்தைத் தயாரியுங்கள்.

இப்போது சோதனை. என் பிழையில் இருந்து தொடங்குகிறேன். நான் தயாரித்து வைத்த இருபது பக்கங்களை ஆசிரியர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அரைமணி கழித்து "அதைத் திரும்ப எடுங்கள்" என்றேன். என் கருவியில் சீக்கிரமாக எடுத்தார்கள். ஆனால் அது அவர்களுடைய பக்கமும் இல்லை, அவர்களுடைய தேவையும் இல்லை, அரைமணியில் யாருக்கும் மறக்கவும் மறக்காது. நான் சோதித்தது, கருவியில் எங்கே அழுத்துவது என்று விளங்குகிறதா என்பதை மட்டும்தான். அதற்கும் ஒரு பயன் உண்டு, மூன்று பேரை வைத்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுங்கள். அதை நிரூபணம் என்று எழுதாதீர்கள்.

உண்மையான முதல் படி, பதிவுகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பது. சம்மதம் தந்தவரின் பழைய ஹிஸ்டரியை எடுத்து, காலவரிசையில் ஒவ்வொரு மறுவருகையிலும் நின்று, அதற்குப் பின்னால் நடந்ததையெல்லாம் மறைத்துவிட்டு, "இப்போது ஐந்து பக்கம் சொல்" என்று கருவியைக் கேளுங்கள். அவர் உண்மையில் போன பக்கம் அந்த ஐந்தில் இருந்ததா? இதே கேள்வியைக் "கடைசி ஐந்து" பட்டியலிடமும், ஃபயர்ஃபாக்ஸ் பாணி மதிப்பெண்ணிடமும் கேளுங்கள். பயிற்சிக்குக் கொஞ்சம், சோதனைக்குக் கொஞ்சம் என்று தரவைக் குலுக்கிப் பிரிக்கும் வழக்கம் இங்கே கூடாது, நாளைக்கு நடந்ததை வைத்து நேற்றைச் சொன்ன கதையாகிவிடும். ரீலோட்களையும், தானாகப் புதுப்பிக்கும் கிரிக்கெட் ஸ்கோர் பக்கம் போன்றவற்றையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு மேட்ச் நாள் உங்கள் முடிவு முழுவதையும் விழுங்கிவிடும்.

முடிவை ஒரே எண்ணாகக் கொடுக்க வேண்டாம். ஒரு மணிநேரத்துக்குள், ஒரு நாளுக்குள், ஒரு வாரத்துக்குள், ஒரு மாதத்துக்குள், அதற்கு மேல் என்று இடைவெளி வாரியாகப் பிரியுங்கள். மொத்தமாகப் பார்த்தால் "கடைசி ஐந்து" உங்களை அநேகமாகத் தோற்கடிக்கும், ஏனென்றால் எண்ணிக்கையில் குறுகிய இடைவெளிகள்தான் அதிகம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட வரிசையில் நீங்கள் முந்தினால் அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அங்கேயும் முந்தாவிட்டால் கருவியைத் திருத்துங்கள், ஆட்களிடம் கொண்டுபோக இன்னும் நேரம் வரவில்லை.

இந்த முறைக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. திரும்பப் போக முடிந்த தடவைகள்தான் பதிவில் இருக்கும். தேடித் தேடிக் கிடைக்காமல் விட்டது மறுவருகையாகப் பதியாது, ஆனால் உங்கள் கருவி யாருக்காக இருக்கிறதோ அவர் அங்கேதான் நிற்கிறார். ஒரு தடயம் மட்டும் கிடைக்கும்: ஒரே தேடலைச் சொல் மாற்றிச் சொல் மாற்றி மூன்று நாலு தடவை போட்டு, பழைய பக்கம் எதிலும் போய்ச் சேராத அமர்வுகள். அவற்றைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, அவரிடமே "அன்றைக்கு எதைத் தேடினீர்கள்?" என்று கேளுங்கள். பத்துப் பேர்தானே, கேட்க முடியும். பத்தாயிரம் பேரை வைத்திருப்பவர்களால் இதைச் செய்ய முடியாது.

அடுத்த படி, அவர்களுடைய சொந்த வேலையில் சில வாரம் பாவிக்க விடுவது. பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் கொடுப்பது பலன் தராது, ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதைவிடப் பெரியது. அதற்குப் பதிலாக உங்கள் கருவியின் பட்டியலையும், ஒப்பிட எடுத்த சாதாரணப் பட்டியல் ஒன்றையும் ஒரே ஐந்து வரிக்குள் கலந்து கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் நாணயம் சுண்டுவதுபோல் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்து, உங்கள் முறையும் சாதாரண முறையும் மாறி மாறித் தங்கள் பக்கத்தை வைக்கட்டும். பாவிப்பவருக்கு அது ஒரே பட்டியல். அவர் எதை அழுத்துகிறாரோ அதை வைத்த முறைக்கு ஒரு புள்ளி. தேடுபொறிகளைச் சோதிக்கப் பாவிக்கும் வழி இது. ஒரே ஆளுக்குள்ளேயே ஒப்பீடு நடப்பதால் சிறிய எண்ணிக்கைக்கு மிகப் பொருத்தம். அழுத்திவிட்டு சில வினாடியில் திரும்பி வந்தால் அந்தப் புள்ளியைக் கொடுக்காதீர்கள். இடைக்கிடை ஒரு வரியில் பழைய பக்கம் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து வைத்துப் பாருங்கள். அதையும் ஆட்கள் அழுத்துவார்கள், முதல் வரியில் இருந்தால் இன்னும் அதிகமாக. புதுசு என்ற ஆவலில் எவ்வளவு அழுத்துகிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அந்த ஆவலுக்காகவே முதல் வாரத்தை முடிவில் சேர்க்காமல் விடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். ஆசிரியர்களை வைத்துச் சோதிப்பதென்றால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குள் போய் விழாதீர்கள். பரீட்சைக் காலத்தில் எல்லாரும் வினாத்தாள் பக்கங்களையே சுற்றுவார்கள், உங்கள் எண்கள் அளவுக்கு மீறி அழகாக வரும்.

முடிவில் சராசரியையும் சதவீதத்தையும் மட்டும் போட்டு அறிக்கையை நிரப்ப வேண்டாம். பத்துப் பேருக்கும் பத்து வரி எழுதுங்கள்: இவர் இப்படிப் பாவித்தார், இத்தனை நீண்ட இடைவெளி மறுவருகை, அதில் இத்தனை எங்கள் பட்டியலில் இருந்து, இந்த இடத்தில் தவறியது. எட்டுப் பேருக்கு ஒரே திசையில் போய் இரண்டு பேருக்கு மாறிப் போனால், அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் மேற்பார்வையாளர் அதிகம் கேட்பார். என் அனுபவத்தில் மாறிப் போனவர்கள் பெரும்பாலும் கம்பியூட்டரை வீட்டில் பகிர்ந்துகொண்டவர்கள்.

கைபேசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கிறது, ஆனால் உங்கள் பத்துப் பேரை இதற்காக உலாவி மாற்றச் சொன்னால் அவர்களுடைய பழக்கமே மாறிவிடும், பிறகு எதை அளப்பது? இந்தத் திட்டத்துக்கு லேப்டாப்போடு நில்லுங்கள், வாசிப்பில் பெரும் பங்கு கைபேசியில் நடக்கிறது என்பதை அறிக்கையில் எல்லையாக எழுதுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் சொந்த ஹிஸ்டரியை எடுத்து, மேலே சொன்னபடி இடைவெளி வாரியாக ஐந்து வரி அட்டவணை ஒன்றைப் போடுங்கள். குரோமில் மூன்று மாதம்தான் இருக்கும், பரவாயில்லை. அதை இங்கே போட்டால் அமர்வு பிரித்த விதம் சரியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.